மாடிப் போர்ஷன் டீச்சரும் நான் எழுதத் தயங்கிய சொல்லும்

நாகேஸ்வர ராவ் பூங்காவில் காலை நடை முடிந்ததும் நாங்கள் ஐந்து கிழவர்கள் உட்காரும் பெஞ்சைப் பற்றி முன்பே எழுதியிருக்கிறேன். போன வாரம் அந்தப் பெஞ்சில் ஒரு சண்டை. காரணம் நான்தான்.

ஜூன் 19 ஆம் தேதியை, போர்களில் நடக்கும் பாலியல் வன்கொடுமையை ஒழிப்பதற்கான நாளாக ஐ.நா. 2015 இல் அறிவித்தது. 2008 இல் அதே தேதியில்தான் பாதுகாப்பு சபை 1820 என்ற எண்ணுள்ள தீர்மானத்தை நிறைவேற்றியது. அதைப் பற்றிப் பேப்பரில் ஒரு மூலையில் நாலு வரி வந்திருந்தது. நண்பர் ஒருவர் உரக்கப் படித்துவிட்டு, "காங்கோ, இராக் இங்கெல்லாம் மனுஷனே கிடையாது சார், எல்லாம் மிருகம்" என்றார். நான் சும்மா இருந்திருக்கலாம். "யாழ்ப்பாணத்துல நம்ம அமைதிப்படை மேலயும் அந்தப் புகார் இருக்கே சார்" என்றேன்.

"என் தம்பி அங்க இருந்தான் சார். கால்ல குண்டோட வந்தான்" என்று சொல்லிவிட்டு எழுந்து போனார். அடுத்த மூன்று நாள் அவர் பூங்காவுக்கு வரவில்லை.

அவர் கோபத்தில் நியாயம் இல்லை என்று சொல்ல மாட்டேன். 1987 ஜூலையில் போன அமைதிப்படை 1990 மார்ச்சில் திரும்பியது. சுமார் 1,200 சிப்பாய்கள் திரும்பவே இல்லை. சென்னைத் துறைமுகத்தில் வந்து இறங்கியவர்களை வரவேற்க அன்றைய முதல்வர் கருணாநிதி போகவில்லை. யாருக்காகப் போனோம், எதற்காகச் செத்தோம் என்று அவர் தம்பி போன்றவர்களுக்கு இன்றுவரை யாரும் பதில் சொல்லவில்லை. அந்தக் காயமும் காயம்தான். ஆனால் நான் எதைத் தெரிந்துகொண்டு அப்படிச் சொன்னேன் என்பதை அவருக்கும் உங்களுக்கும் எழுதியாக வேண்டும். இதில் வரும் அம்மையாரிடம் போனில் கேட்டு, அவர் சம்மதித்த பிறகே எழுதுகிறேன். அடையாளம் தெரியக்கூடிய சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

நான் புதுச்சேரியில் பிரெஞ்சு மீடியத்தில் படித்தவன் என்பது பழைய வாசகர்களுக்குத் தெரியும். சென்னைக்குக் குமாஸ்தா வேலைக்கு வந்தபோது அந்தப் பிரெஞ்சுக்குக் காலணா மதிப்பில்லை. ஆபீசில் எனக்கு 'பாண்டிச்சேரி துரை' என்று பட்டப்பெயர் கிடைத்ததுதான் மிச்சம். 33 வருட சர்வீசில் அந்த மொழி ஒரே ஒரு தடவைதான் பயன்பட்டது. அதுவும் ஆபீசுக்கு வெளியே, அதையும் நான் சரியாகச் செய்யவில்லை.

1989 கடைசியில் மந்தைவெளியில் நாங்கள் குடியிருந்த வீட்டின் மாடிப் போர்ஷனுக்கு ஒரு தாயும் மகளும் வந்தார்கள். யாழ்ப்பாணத்துக்காரர்கள். மகளுக்கு முப்பது வயதுக்குள் இருக்கும், ஊரில் கணக்கு டீச்சராக இருந்தவர். பாரிசில் இருந்த தம்பி மாதாமாதம் பணம் அனுப்புவார். என் மூத்த பெண்ணுக்கு அல்ஜீப்ரா பிடிபட்டது அவரால்தான். என்னை 'அண்ணை' என்பார். என் மனைவி செய்யும் மோர்க்குழம்பு அவர் அம்மாவுக்குப் பிடிக்கும், அங்கிருந்து எங்களுக்கு ஒடியல் கூழ் வரும்.

முகாமுக்கு வெளியே தங்கும் அகதிகள் போலீஸ் ஸ்டேஷனில் பதிவு செய்துகொள்ள வேண்டும். துணைக்கு நான் போனேன். அங்கிருந்தவர்கள் மரியாதையாகவே நடந்துகொண்டார்கள், நாற்காலி போட்டார்கள். ஆனால் வாசலிலேயே டீச்சரின் கை நடுங்க ஆரம்பித்துவிட்டது. நான் பெரிய மனிதன் மாதிரி, "பயப்படாதீங்க டீச்சர். இது அந்த ஊர் இல்ல. இவங்க எல்லாம் நம்ம ஆளுங்க" என்றேன். அவர் என்னை ஒரு தடவை பார்த்தார். "ஓம் அண்ணை" என்றார். அவ்வளவுதான்.

ஒரு ஜனவரியில் குடும்பத்தோடு பஸ்ஸில் சாந்தோம் பக்கம் போனோம். குடியரசு தின ஒத்திகைக்காகக் கடற்கரைச் சாலையில் ராணுவ லாரிகள் நின்றன. டீச்சர் எங்களிடம்கூடச் சொல்லாமல் நடுவிலேயே ஏதோ ஒரு ஸ்டாப்பில் இறங்கி, நடந்தே வீடு வந்து சேர்ந்தார். பாவம், சிங்கள ராணுவத்தை நினைத்துக்கொண்டார் போலிருக்கிறது என்று அன்று ராத்திரி மனைவியிடம் சொன்னேன். வேறு எந்த யோசனையும் எனக்கு வரவில்லை.

1991 மே மாதத்துக்குப் பிறகு இங்கே நிலைமை மாறியது. ஈழத்தவருக்கு வீடு கொடுக்கவே எல்லாரும் பயந்தார்கள். எங்கள் வீட்டுக்காரரும் மாடியைக் காலி செய்யச் சொன்னார். நான் வாயைத் திறக்கவில்லை, நானும் குடியிருப்பவன்தானே. இரண்டு இடம் மாறி, எப்படியோ 1992 இல் அவர் பாரிஸ் போய்ச் சேர்ந்தார்.

அங்கிருந்து ஒரு கனமான கவர் வந்தது. கோடு போட்ட நோட்டுத் தாளில் எட்டுப் பக்கம், பொடிப்பொடியான எழுத்து. அகதி அந்தஸ்து கேட்பவர்கள் தங்கள் கதையைப் பிரெஞ்சில் எழுதிக் கொடுக்க வேண்டும், அதை 'ரெசி' என்பார்கள். லா ஷப்பல் பக்கம் இதை எழுதிக் கொடுக்க நம்மவர்கள் இருந்தார்கள். ஆனால் எல்லாரும் தம்பியின் கூட்டாளிகள். "அவைக்குத் தெரிஞ்சால் தம்பிக்குத் தெரிஞ்ச மாதிரி. நீங்கள் தூரத்தில இருக்கிறியள். பிரெஞ்சு தெரியும். கவர்மெண்ட் ஆள், காகிதம் எழுதத் தெரிஞ்சவர்" என்று எழுதியிருந்தார். அதற்குக் கீழே: "அண்டைக்கு நீங்கள் நம்ம ஆளுங்க எண்டு சொன்னியள். நான் ஒண்டும் சொல்லேல்லை. இப்ப எழுதிறன்."

அந்த எட்டுப் பக்கத்தில் இருந்ததை நான் இங்கே எழுதப் போவதில்லை. யார் செய்தார்கள் என்பதை நீங்கள் ஊகித்திருப்பீர்கள். அதற்கு மேல் விவரம் தெரிவதால் யாருக்கும் எந்த உபயோகமும் கிடையாது.

வீட்டில் எல்லாரும் தூங்கிய பிறகு உட்கார்ந்தேன். டைப்ரைட்டரில் பிரெஞ்சு எழுத்துகளின் தலைக்குறி கிடையாது, அதனால் பேனாவில் எழுதினேன். ஊர், குடும்பம், பள்ளிக்கூடம், தேடுதல் வேட்டை என்று எல்லாம் சரளமாக வந்தது. "அவங்கள் என்னைக் கெடுத்துப்போட்டாங்கள்" என்ற வரி வந்ததும் பேனா நின்றுவிட்டது. பிரெஞ்சில் அதற்கு நேரான, சின்ன, சுத்தமான சொல் இருக்கிறது: 'வியோலே'. கோர்ட்டில் அதுதான், பேப்பரிலும் அதுதான். ஆனால் எனக்குக் கை வரவில்லை. வீட்டுக்கு வந்து என் பெண்ணுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தவரைப் பற்றி அந்தச் சொல்லை எழுதுவதா? 'மால்த்ரெத்தே' என்று எழுதினேன். அதாவது, 'துன்புறுத்தினார்கள்'. அவருடைய கௌரவத்தைக் காப்பாற்றிவிட்டதாக அப்போது நினைத்துக்கொண்டேன்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், இந்த வயதில் மறைத்து என்ன ஆகப்போகிறது. அவர் 'இந்தியன் ஆமி' என்று தெளிவாக எழுதியிருந்தார். நான் 'சீருடை அணிந்த சிலர்' என்று மாற்றினேன். நான் அரசு ஊழியன். கையெழுத்து என்னுடையது. தபாலை யாராவது பிரித்துப் பார்த்தால்? ராஜீவ் காந்தி கொலைக்குப் பிறகு இங்கே எல்லாருக்கும் இருந்த பயம் எனக்கும் இருந்தது. ஒரு சொல்லை வெட்கத்தினால் விட்டேன். இன்னொன்றைப் பயத்தினால் விட்டேன்.

பதினோரு மாதம் கழித்து விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. சொல்லப்படும் துன்புறுத்தல் என்ன தன்மையுடையது என்பது தெளிவாக இல்லை, செய்தவர்கள் யார் என்பதும் தெளிவாக இல்லை என்பதுதான் உத்தரவின் சாரம். அந்த ஆபீசைக் குறை சொல்ல மாட்டேன். நானும் கோப்பு பார்த்தவன்தான், தாளில் இருப்பதைத்தானே அதிகாரி படிப்பார். உத்தரவின் நகலோடு டீச்சரின் ஒரு வரி வந்தது: "அண்ணை, நான் எழுதினதும் நீங்கள் எழுதினதும் ஒண்டா?"

அதற்குள் அவர் அகராதியை வைத்துக்கொண்டு பிரெஞ்சு படிக்க ஆரம்பித்திருந்தார்.

மறுபடி எழுதினேன். இந்தத் தடவை அவர் சொன்ன சொல்லுக்குச் சரியான சொல்லைப் போட்டேன். அப்பீலில் கதவை மூடி விசாரிக்க வேண்டும், மொழிபெயர்ப்பாளர் பெண்ணாக இருக்க வேண்டும் என்று அவரே மனுக் கொடுத்தார். 1994 இல் அந்தஸ்து கிடைத்தது. நான் செய்த காரியத்தால் ஒரு பெண் இரண்டு வருடம், இன்றைக்குத் திருப்பி அனுப்புவார்களா நாளைக்கா என்று கலங்கிக்கொண்டிருந்திருக்கிறார்.

'முறிந்த பனை' என்ற புத்தகத்தைப் பல வருடம் கழித்துத்தான் படித்தேன். யாழ்ப்பாணப் பல்கலைக்கழக ஆசிரியர்கள் நால்வர் எழுதியது. அவர்களில் ஒருவர் டாக்டர் ராஜினி திராணகம, உடற்கூறியல் பேராசிரியர். அமைதிப்படைக் காலத்தில் வன்கொடுமைக்கு ஆளான பெண்களிடம் உட்கார்ந்து கேட்டு, யார் செய்தார்கள் என்பதை மழுப்பாமல் எழுதியவர். பாதிக்கப்பட்ட பெண்களுக்காக 'பூரணி' என்ற இல்லத்தை உருவாக்கியதிலும் அவருக்குப் பங்குண்டு. புலிகள் செய்தவற்றையும் அதே மாதிரி எழுதினார். 1989 செப்டம்பர் 21 அன்று பல்கலைக்கழகத்திலிருந்து சைக்கிளில் வீட்டுக்குப் போகும்போது சுட்டுக் கொல்லப்பட்டார். வயது 35. கொன்றது புலிகள்தான் என்று அவர் சகாக்கள் சொல்லி வருகிறார்கள். குண்டுக்கு நடுவில் உட்கார்ந்து அவர் எழுதிய சொல்லை, மந்தைவெளியில் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து என்னால் எழுத முடியவில்லை.

இப்படிப்பட்ட பெண்களுக்கு உதவி என்றால் நமக்கு முதலில் நினைவுக்கு வருவது பணம், தையல் மெஷின், கவுன்சிலிங். எல்லாம் வேண்டியதுதான். ஆனால் அதற்கெல்லாம் முன்னால் ஒருவர் உட்கார்ந்து அந்தப் பெண் சொல்வதைக் கேட்டு எழுதுகிறார் பாருங்கள், அந்த இடத்தில்தான் பாதிக் காரியம் கெடுகிறது. எழுதுபவர் டாக்டராக இருக்கலாம், ரைட்டராக இருக்கலாம், என்னைப் போன்ற குமாஸ்தாவாக இருக்கலாம். தன் வெட்கத்தையும் பயத்தையும் அவர் அந்தப் பெண்ணின் வாக்குமூலத்தில் கலந்துவிடுகிறார்.

நம் தமிழையே எடுத்துக்கொள்ளுங்கள். நேற்று வரைக்கும் நம் பத்திரிகைகள் இந்தக் குற்றத்துக்கு வைத்திருந்த பெயர் 'கற்பழிப்பு'. குற்றம் செய்தவன் எவனோ, அழிந்தது இவளுடைய கற்பாம்! 'மானபங்கம்' என்றோம், அதிலும் போனது இவளுடைய மானம். 'கெடுத்துவிட்டான்' என்றால் கெட்டுப்போனவள் இவள். இப்போதுதான் 'பாலியல் வன்கொடுமை', 'வல்லுறவு' என்றெல்லாம் எழுதப் பழகியிருக்கிறோம். பிரெஞ்சுக்காரன் உசத்தி என்று நினைக்க வேண்டாம். நேரான சொல் கையில் இருந்தும், பழைய புத்தகங்களில் அதைத் தவிர்த்து 'கடைசி அவமதிப்புகளுக்கு ஆளானாள்' என்று சுற்றி வளைப்பார்கள்.

உலகக் கோர்ட்டே இந்தச் சிக்கலில் மாட்டியிருக்கிறது. 1994 இல் ருவாண்டாவில் நடந்த இனப்படுகொலையை விசாரிக்க, தான்சானியாவின் அருஷா நகரில் ஐ.நா. ஒரு நீதிமன்றம் அமைத்தது. தபா என்ற ஊரின் மேயர் அகாயேசு மீதான வழக்கு அங்கே 1997 ஜனவரியில் தொடங்கியபோது, குற்றப்பத்திரிகையில் பாலியல் வன்கொடுமை என்ற பேச்சே இல்லை. கொலைக்காகச் சாட்சி சொல்ல வந்த ஒரு தாய், பேச்சோடு பேச்சாகத் தன் சின்னப் பெண்ணுக்கு நடந்ததைச் சொன்னார். அந்த அமர்வின் மூன்று நீதிபதிகளில் ஒரே பெண் நவநீதம் பிள்ளை. டர்பனில் ஒரு பஸ் டிரைவரின் மகளாகப் பிறந்த தமிழ் வம்சாவளிப் பெண்மணி. நீதிபதிகள் அதை விடாமல் கேட்டார்கள், அடுத்து வந்த சாட்சிகளும் சொன்னார்கள். ஜூன் மாதம் குற்றப்பத்திரிகையைத் திருத்த வேண்டியதாயிற்று. 1998 செப்டம்பர் 2 அன்று வந்த தீர்ப்புதான், வன்புணர்ச்சியும் இனப்படுகொலைக்கான கருவியாகலாம் என்று சொன்ன முதல் சர்வதேசத் தீர்ப்பு.

இதுவரை பலரும் எழுதியிருக்கிறார்கள். எனக்குப் பிடித்தது அந்தத் தீர்ப்பில் அதிகம் பேர் கவனிக்காத இரண்டு மூன்று பத்திகள். சாட்சிகள் கின்யருவாண்டா மொழியில் பேசினார்கள், கோர்ட் நடந்தது ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும். பெண்கள் நாலு வெவ்வேறு சொற்களை மாற்றி மாற்றிப் பயன்படுத்தினார்கள். 'குர்யாமானா' என்றால் சேர்ந்து படுப்பது. 'குசம்பான்யா' என்றால் முறைகேடான உறவில் ஈடுபடுத்துவது. 'குஃபாத்தா கு ங்குஃபு' என்பதுதான் பலவந்தமாக எடுத்துக்கொள்வது. நீதிபதிகள் மொழிபெயர்ப்பாளர்களைக் கூப்பிட்டு ஒவ்வொரு சொல்லுக்கும் பொருள் கேட்டு, எந்த இடத்தில் அது எதைக் குறிக்கிறது என்று தீர்ப்பிலேயே பதிவு செய்திருக்கிறார்கள். அந்தப் பெண்களும் என் டீச்சரைப் போலத்தான், தங்கள் ஊரில் எந்தச் சொல் இருந்ததோ அதைச் சொன்னார்கள். அதைக் கேட்டு எழுத அங்கே பொறுமையான ஆட்கள் இருந்தார்கள். படித்தபோது அந்த இரவு எனக்கு ஞாபகம் வந்தது.

பெயர் வைத்தால் மட்டும் போதாது என்பதற்கு வங்கதேசம் ஒரு பாடம். 1971 போரில் வன்கொடுமைக்கு ஆளான பெண்களுக்கு அந்த அரசு 'பீரங்கனா' என்று பட்டம் கொடுத்தது, நம் வீராங்கனைதான். நோக்கம் உயர்ந்தது. ஆனால் ஊரார் அதை 'பாராங்கனா' என்று திரித்துக் கேலி செய்தார்கள். அது நம் பழைய புத்தகங்களில் வரும் 'வாராங்கனை', அதாவது விலைமகள். பட்டமே சூடு போட்ட மாதிரி ஆகிவிட்டது. பலர் வாயை மூடிக்கொண்டார்கள். சிற்பி பெர்தௌசி பிரியபாஷினி போன்ற சிலர்தான் பகிரங்கமாகப் பேசினார்கள். அவர்களையும் விடுதலைப் போராட்ட வீரர்கள் என்று ஒப்புக்கொண்டு அதற்கான உதவித்தொகை கொடுக்க 2015 வரை ஆயிற்று. 44 வருடம்!

பணம் கொடுக்கும் இடத்திலும் குமாஸ்தா புத்தி எப்படி வேலை செய்யும் என்று எனக்குத் தெரியும். இராக்கில் ஐ.எஸ். ஆட்களிடம் சிக்கி மீண்ட யசீதிப் பெண்களுக்காகவும் மற்றவர்களுக்காகவும் 2021 மார்ச்சில் ஒரு சட்டம் வந்தது. மாதச் சம்பளம், மனை, படிப்பு, வேலையில் ஒதுக்கீடு என்று நல்ல சட்டம். குற்றவாளிக்குத் தண்டனை கிடைத்தால்தான் பணம் என்ற நிபந்தனை அதில் இல்லை. ஆனால் அமலுக்கு வந்தபோது, விண்ணப்பிக்கும் பெண் கோர்ட்டில் கிரிமினல் புகார் கொடுத்துப் பேப்பர் கொண்டுவர வேண்டும் என்று கமிட்டி கேட்க ஆரம்பித்துவிட்டது. சட்டம் கேட்காததை ஆபீஸ் கேட்டது. எந்த நாட்டு ஆபீசாக இருந்தால் என்ன, 'இணைப்பு: அத்தாட்சி நகல்' என்று ஒரு வரி சேர்த்தால்தான் நமக்குத் தூக்கம் வரும். அந்த ஒரு வரியின் விலை, ஒரு பெண் இன்னொரு மேஜைக்கு முன்னால் உட்கார்ந்து எல்லாவற்றையும் முதலிலிருந்து சொல்வது.

நம் தமிழ்நாட்டில் யுத்தம் நடக்கவில்லை, சரி. வாச்சாத்தி நடந்தது. 1992 ஜூன் 20 அன்று சந்தனக்கட்டை தேடுகிறோம் என்று தர்மபுரி மாவட்டத்து மலையடிவாரக் கிராமத்துக்குள் படை போலப் புகுந்தார்கள். 18 பெண்கள் வன்கொடுமைக்கு ஆளானார்கள். குற்றம் சாட்டப்பட்டவர்கள் 269 பேர், அத்தனை பேரும் அரசு ஊழியர்கள். வனத்துறை, காவல்துறை, ஆறு பேர் வருவாய்த்துறை. சம்பளப் பட்டியலில் நானும் இருந்த அதே அரசு. தர்மபுரி கோர்ட் தீர்ப்பு 2011 இல் வந்தது, அதற்குள் 54 பேர் இறந்தே போனார்கள். உயர் நீதிமன்ற நீதிபதி வேல்முருகன் அந்தக் கிராமத்துக்கே நேரில் போய்ப் பார்த்துவிட்டு, 2023 செப்டம்பரில் தண்டனையை உறுதி செய்தார். அந்தப் பெண்களுக்குத் தலா 10 லட்சம் கொடுக்க வேண்டும், அதில் பாதியைக் குற்றவாளிகளிடமிருந்து வசூலிக்க வேண்டும் என்றார். நல்ல தீர்ப்பு. ஆனால் 31 வருடம். பள்ளிக்கூடம் போகும் வயதில் பாதிக்கப்பட்ட பெண் நாற்பதைத் தாண்டிவிட்டாள். வழக்கு அதன் போக்கில் நடக்கட்டும். சாப்பாடு, வைத்தியம், பிள்ளைகளின் படிப்பு எல்லாம் ஏன் தீர்ப்புக்காகக் காத்திருக்க வேண்டும் என்பதுதான் என் கேள்வி.

பூங்கா நண்பருக்கு இதையும் சொல்ல வேண்டும். 2013 ஜனவரியில் நீதிபதி வர்மா கமிட்டி, ராணுவத்தினர் மீது வரும் பாலியல் வன்கொடுமைப் புகார்களையும் சாதாரணக் கிரிமினல் சட்டத்தின் கீழேயே விசாரிக்க வேண்டும் என்று சிபாரிசு செய்தது. மற்ற பல சிபாரிசுகள் சட்டமாயின, இது ஆகவில்லை. ஒருவன் செய்ததற்கு 1,200 பேரின் தியாகத்தின் மேல் சேறு அடிப்பது தப்பு. அதைத் தடுக்க எனக்குத் தெரிந்த ஒரே வழி, செய்தவன் யார் என்று விசாரித்துப் பெயரை எழுதுவதுதான். 'சீருடை அணிந்த சிலர்' என்று நான் எழுதினேனே, அது உங்கள் தம்பியையும் சேர்த்தல்லவா சந்தேகத்தில் நிறுத்தியது?

எப்படிச் செய்யலாம் என்பதற்கு நான் பார்த்ததில் நல்ல உதாரணம் காங்கோவின் புகாவு நகரில் இருக்கும் பான்சி ஆஸ்பத்திரி. டாக்டர் டெனிஸ் முக்வேகே 1999 இல் தொடங்கியது. பிரசவம் பார்க்க ஆரம்பித்த ஆஸ்பத்திரி, முதலில் வந்ததே போரில் வன்கொடுமைக்கு ஆளான ஒரு பெண். அங்கே ஆபரேஷன், மனநல உதவி, வக்கீல், வாழ்க்கைக்கு ஒரு தொழில் எல்லாம் ஒரே வளாகத்துக்குள். அந்தப் பெண் நாலு ஊருக்கு நாலு தடவை தன் கதையைச் சுமந்துகொண்டு அலைய வேண்டாம். 2012 இல் டாக்டரைக் கொல்ல முயன்றார்கள், அவர் நாட்டை விட்டுப் போனார். அவர் திரும்பி வரும் விமான டிக்கெட்டுக்காக அந்த ஊர்ப் பெண்கள் அன்னாசியும் வெங்காயமும் விற்றுப் பணம் சேர்த்தார்கள். 2018 இல் நாதியா முராதோடு சேர்ந்து நோபல் பரிசு பெற்றார். அவரைப் பற்றிய பிரெஞ்சு ஆவணப்படத்தைப் பேரன் கம்ப்யூட்டரில் போட்டுக் காட்டினான். தலைப்பின் பொருள் 'பெண்களைச் செப்பனிடும் மனிதர்'. செப்பனிடுவதற்கும் இழப்பீடு கொடுப்பதற்கும் பிரெஞ்சில் ஒரே வேர்ச்சொல், 'ரெபாரே'. நம் 'இழப்பீடு'வில் இழப்புதான் முன்னால் வந்து நிற்கிறது.

நமக்கு இதெல்லாம் எதற்கு என்கிறீர்களா? தமிழ்நாட்டில் நூற்றுக்கு மேற்பட்ட ஈழத்தமிழர் முகாம்கள் இருக்கின்றன. 2021 இல் 'அகதிகள் முகாம்' என்பதை 'மறுவாழ்வு முகாம்' என்று மாற்றினார்கள், நல்லதுதான். 1984 இலும் 1990 இலும் 2009 ஐ ஒட்டியும் வந்த பெண்கள் அங்கே பாட்டிகளாகிவிட்டார்கள். அவர்களில் யாருக்கு என்ன நடந்தது என்று தோண்டச் சொல்லவில்லை. தயவுசெய்து தோண்டாதீர்கள். அகதிகளையே ஊழியர்களாக வைத்து சந்திரஹாசன் 1984 இல் தொடங்கிய ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம் மாதிரி, அவர்கள் பேச்சுத் தமிழ் தெரிந்த பெண்கள் ஆஸ்பத்திரிகளில் துணைக்கு இருந்தாலே போதும். கேட்காமலேயே வைத்தியம் கிடைக்கட்டும். எப்போதாவது ஒரு பாட்டி தானாகச் சொன்னால், அவர் சொன்ன சொல்லிலேயே எழுதிக்கொள்ளத் தெரிந்த ஒருத்தி பக்கத்தில் இருக்கட்டும். (2013 திருத்தத்துக்குப் பிறகு, வன்கொடுமைக்கு ஆளானவருக்கு எந்த ஆஸ்பத்திரியும், தனியாரானாலும், உடனடியாக இலவச சிகிச்சை தர வேண்டும் என்பது சட்டம். புகாரைப் பெண் போலீஸ் அதிகாரிதான் பதிவு செய்ய வேண்டும். இது எத்தனை பேருக்குத் தெரியும்?)

டீச்சர் இப்போது பாரிசுக்கு வெளியே ஒரு சின்ன ஊரில் இருக்கிறார். இரண்டு பேரப் பிள்ளைகள். வாரத்தில் இரண்டு நாள், மொழி தெரியாத தமிழ்ப் பெண்களுக்கு டாக்டரிடம் துணைக்குப் போகிறார். இதை எழுதலாமா என்று போனில் கேட்டபோது, உள்ளே போவதற்கு முன்பு தான் ஒவ்வொரு பெண்ணிடமும் கேட்கும் கேள்வியைச் சொன்னார்: "உங்கட வாயால இதுக்கு என்ன சொல்லுவியள்?" அந்தப் பெண் எதைச் சொல்கிறாளோ அதற்கு நேரான பிரெஞ்சுதான் உள்ளே போகுமாம், கூட்டல் குறைத்தல் கிடையாது.

"அந்த முதல் கடிதத்தை நினைச்சா இப்பவும் எனக்கு வெட்கமா இருக்கு டீச்சர்" என்றேன்.

"தெரியும் அண்ணை. அம்மாவும் சாகும்வரைக்கும் அதைக் 'காய்ச்சல்' எண்டுதான் சொன்னவ." கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு, "எழுதுங்கோ. பேர் மட்டும் வேண்டாம். ஆமி எண்டதை இந்த முறை எடுத்துப்போடாதேங்கோ" என்றார்.

மந்தைவெளி வீடு அப்படியே இருக்கிறதா என்று விசாரித்தார். இடித்து நாலு மாடி ஃபிளாட் கட்டிவிட்டார்கள், கீழே கார் நிற்கிறது என்றேன். கொல்லையில் இருந்த முருங்கை மரத்தைக் கேட்டார். அதுவும் இல்லை.